பெஞ்சில் வைத்த உப்பு

எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவன் நான். கடிதம் தவிர வேறெதுவும் எழுதிப் பழக்கமில்லை. இன்னொரு வீட்டு நாயை நினைத்து இத்தனை வரிகள் எழுதுவதைப் படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். வாயைத் திறந்து பேசியிருந்தால் ஒரு நிமிடத்தில் முடிந்திருக்கும். பேச்சு வராதவனுக்கு எழுத்தாவது வருகிறதா என்று பார்க்கிறேன்.

எழுபதுகளின் நடுவில் தூத்துக்குடி உப்பளம் ஒன்றில் சாக்கு தைத்துக்கொண்டிருந்தேன். அம்மா இறந்த பிறகு வீட்டில் நான் மட்டும்தான். சாயங்காலம் பூட்டைத் திறந்தால், காலையில் தண்ணீர் குடித்துவிட்டு வைத்த செம்பு வைத்த இடத்திலேயே இருக்கும். அதைப் பார்க்கப் பிடிக்காமல்தான் வேலை விட்டதும் கடற்கரைச் சாலையை ஒட்டிய சின்னப் பூங்காவுக்குப் போக ஆரம்பித்தேன்.

பூங்கா என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. சில பூவரச மரங்கள், சிமெண்ட் பெஞ்சுகள், ஒரு குழாய். ஆனால் அங்கே நாயை உள்ளே விடுவார்கள். அந்தப் பக்கத்துப் பங்களாக்களில் துரைமார் இருந்த காலத்தில் ஆயாக்கள் நாய்களை அங்கேதான் கூட்டி வருவார்களாம். துரைமார் கப்பலேறிப் போன பின்னும் அந்த வழக்கத்தை யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. குழாயடியில் நாய்கள் குடிக்க ஒரு கல்தொட்டி உண்டு. அது வற்றாமல் காவற்கார அண்ணாச்சி பார்த்துக்கொள்வார். சாயங்காலக் கடல்காற்று ஏறும்போது நாய்கள் எல்லாம் ஒரே திசையில் மூக்கைத் தூக்கிக்கொண்டு நிற்கும். எதை மோந்தனவோ, தெரியாது.

அந்த நாய்களில் ஒன்று புதுத் துறைமுக வேலைக்கு வந்திருந்த என்ஜினீயர் வீட்டு நாய். கறுப்பு. ஒரு காது மட்டும் மடங்கித் தொங்கும். அந்த வீட்டில் சமையல் செய்த அக்கா கூட்டி வருவார். அதற்கு ஓர் இங்கிலீஷ் பெயர் இருந்தது, என் வாயில் நுழையாது. நான் மெதுவாக “ஏலே” என்பேன். எங்கே நின்றாலும் ஓடி வந்து என் கால்விரல்களை நக்கிவிட்டு, செருப்பின் மேல் தாடையை வைத்துப் படுத்துக்கொள்ளும்.

“ஒன் மேல பாசம்னு நெனச்சிராத தம்பி. அளத்துல நின்ன காலுல்லா, உப்புக்கு நக்குது” என்பார் அக்கா.

எதற்காக இருந்தால் என்ன? அது தாடையை வைத்திருக்கும் வரை நான் காலை அசைக்க மாட்டேன். மரத்துப்போகும். அப்போதும் அசைக்க மாட்டேன். டீக்கடையில் வாங்கிய பொறை ரொட்டியைப் பிய்த்துப் பிய்த்துக் கொடுப்பேன்.

ஒரு நாள் அக்கா வந்ததும் வராததுமாகச் சொன்னார்.

“ஐயாவுக்கு வடக்க மாத்தலாயிட்டு தம்பி. அங்க மாடி வீடாம், நாய வச்சுக்க முடியாதுங்காக. நல்ல ஆளாப் பாத்துக் குடுக்கணும்னு அம்மா சொல்லுதாக. நீ கேளேன்.”

தலையை மட்டும் ஆட்டினேன்.

“என்ன, வாயில கொழுக்கட்டையா? நானும் சொல்லிப் பாப்பேன். ஆனா சமையக்காரி சொன்னா எடுபடாது. கேக்குத ஆளு நேர்ல கேக்கணும்.”

அன்று இரவே சாக்கு ஒன்றை இரண்டாக மடித்து, உள்ளே தேங்காய் நாரை அடைத்து, சுற்றிலும் தைத்தேன். பின்கதவுப் பக்கம் விரித்துப் பார்த்தேன். மழைச் சாரல் படும் என்று தோன்றவே அடுப்படிச் சுவரோரம் மாற்றினேன். அதன்பின் உப்பளத்தில் தங்கள் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தவர்களிடம்கூட நாய்க்குச் சோற்றில் என்ன பிசைந்து போடலாம் என்று கேட்டேன். அவர்களிடம் கேட்க வந்த வாய், அந்த என்ஜினீயர் வீட்டு அம்மாவிடம் கேட்க வரவில்லை. வழியில் ஒருமுறை எதிரே வந்தார்கள். நான் சந்துக்குள் திரும்பிவிட்டேன்.

காவற்கார அண்ணாச்சியிடம்தான் சொன்னேன். அவர் சிரித்தார்.

“பொண்ணு கேக்கப் போறவரு மாதிரில்லா வேர்க்கீரு! சும்மா கையேந்தி நாய வாங்காதேயும். நெலைக்காது. ஒரு பொட்டலம் உப்பாவது வச்சிட்டு வாங்கணும்வே.”

எங்கள் வீட்டிலும் அந்த வழக்கம் உண்டு. குட்டியை எடுக்கப் போனால் அம்மா உப்பு கொண்டுபோவாள். கையில் கொடுத்தால் சண்டை வரும் என்று கீழேதான் வைப்பாள். உப்பைக் கண்டதுமே அந்த வீட்டார் குட்டியைத் தூக்கி வந்துவிடுவார்கள். பேசத் தேவையே இல்லை. இது எனக்காகவே யாரோ ஏற்படுத்திய வழக்கம் போலிருந்தது. மறுநாள் உப்பு அம்பாரத்தில் தேடிப் பெரிய பெரிய கல்லாகப் பொறுக்கினேன்.

அவர்கள் ஊரை விட்டுப் போவதற்கு முந்தின நாள் சாயங்காலம் அந்த அம்மாவே அக்காவுடன் நாயைக் கூட்டி வந்தார்கள். பெஞ்சில் உட்கார்ந்தார்கள். நான் போய் அவர்கள் பக்கத்தில் பொட்டலத்தை வைத்துவிட்டு, எட்ட நின்றேன். நாய் என் கால் பக்கம் வந்து படுத்தது. அண்ணாச்சி தொட்டியைக் கழுவுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்.

அந்த அம்மா பொட்டலத்தைப் பிரித்தார்கள். முகம் மலர்ந்தது. அவர்கள் மெட்ராஸ்காரர்கள்.

“பாத்தியா, எவ்ளோ அக்கறை! ஊருக்குப் போற நாய்க்குத் திருஷ்டி கழிக்க உப்பு கொண்டு வந்திருக்கார்!”

எழுந்து வந்து, என் காலடியில் படுத்திருந்த நாயைச் சுற்றி உப்பை மூன்று முறை சுற்றினார்கள். ஊர்க்கண், உறவுக்கண் என்று ஏதோ முணுமுணுத்தார்கள். குழாயைத் திறந்து அத்தனையையும் கரைத்து விட்டார்கள். பெரிய கற்களானதால் கரைய நேரமாயிற்று.

அக்கா பதறிப்போய், “அம்மா, அது வந்து...” என்று ஆரம்பித்தார்.

அந்த அம்மா காதில் வாங்கவில்லை. என்னைப் பார்த்துச் சொன்னார்கள். “உங்ககிட்ட சொல்றதுக்கு என்ன? இன்னிக்கு யாராவது வந்து கேட்டா குடுத்துடணும்னு அவர் கண்டிப்பா சொல்லிட்டார். அதுக்குத்தான் வந்தேன். வர்ற வழியெல்லாம் யாரும் கேக்கக் கூடாதுன்னு வேண்டிக்கிட்டே வந்தேன். நீங்க பாருங்க, நல்லபடியா போய்ச் சேரணும்னு உப்போட வந்து நிக்கிறீங்க. போதும். இனிமே அவர் என்ன சொன்னாலும் இத விட்டுட்டுப் போக மாட்டேன்.”

முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அக்கா மறுபடியும் வாயெடுத்தார். நான் வேண்டாம் என்று தலையசைத்தேன். அப்போது கேட்டிருக்கலாம்தான். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு எப்படிக் கேட்பது?

கிளம்பும்போது நாய் எழுந்திருக்கவில்லை. அம்மா சங்கிலியை இழுத்தார்கள். அது செருப்பின் மேலிருந்து தலையை எடுத்து என்னை அண்ணாந்து பார்த்தது. “ஏலே, போ” என்றேன். ஒரு காது தொங்க, சாலையைக் கடந்து போயிற்று. தெருமுனை திரும்பும் வரை அது என்னைத் திரும்பிப் பார்க்கும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். எதிரில் ஏதோ வாசனை போல, தரையை மோந்துகொண்டே போய்விட்டது.

“உப்ப வச்சீரு சரி, வாயையும் கொஞ்சம் தொறந்திருக்கலாமேவே” என்றார் அண்ணாச்சி. அவர் குரலில் கேலி இல்லை.

மறுநாள் உப்பளத்தில் லாரி ஏற்ற ஆள் குறைவாக இருந்ததால் என்னையும் மூட்டை தூக்கச் சொன்னார்கள். சாயங்காலம் என்ஜினீயர் வீட்டாரின் ரயில் புறப்பட்டபோதும் நான் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தேன்.