பிறந்த வீட்டுக் கோடி

என் ஊசி படாத துணி இந்த ஊரில் குறைவு. பெருமைக்குச் சொல்கிறேன் என்று வைத்துக்கொண்டாலும் பரவாயில்லை. மலாய்ப் பழக்கத்தில் ஊறிய சீனர்களான நோன்யா வீட்டு அம்மாக்கள் உடுத்தும் கெபாயாச் சட்டையின் ஓரமெல்லாம் பூவும் ஓட்டையுமாக இருக்குமே, அந்த வேலை என்னுடையது. முதலில் மெஷினில் பூவின் வரம்பைத் தைக்க வேண்டும். பிறகு சின்னக் கத்தரியால் பூவுக்குள் இருக்கும் துணியை வெட்டி எடுக்க வேண்டும். தையல் நூல் ஒன்று அறுந்தாலும் கெபாயா போச்சு. மலாய்க்காரப் பெண்களுக்குத் தலையில் போடும் தூடோங் ஓரம், செரானிக்காரர் வீட்டுக் குழந்தைக்கு ஞானஸ்நானச் சட்டையில் லேஸ், எல்லாம் இந்தக் கைதான் செய்தது. எழுத்துத்தான் எனக்குச் சரியாக வராது. இதையே நிறுத்தி நிறுத்தித்தான் எழுதுகிறேன்.

ஒரே ஒரு துணியில் மட்டும் ஊசி படக்கூடாது என்று நினைத்திருந்தேன். அது என் கோடி.

எங்களில் ஒரு பெண் செத்தால் அவள் பிறந்த வீட்டிலிருந்து புதுப்புடவை வர வேண்டும். அண்ணன், தம்பி, இல்லாவிட்டால் அவர்கள் பிள்ளைகள் கொண்டுவந்து மேலே போர்த்த வேண்டும். புருஷன் போனாலும் அவளுக்கு அங்கிருந்துதான் வரும். என் வீட்டுக்காரர் போனபோது அண்ணன் கொண்டுவந்தார். அக்கரையிலிருந்து ஃபெர்ரி ஏறி, மழையில், புடவையைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு வந்தார். அவர் தொப்பலாக நனைந்திருந்தார், புடவையில் ஒரு சொட்டு இல்லை. "அழுவாத. நான் இருக்கேன்ல" என்றார்.

இப்போது அவரும் இல்லை. எனக்குப் பிள்ளை கிடையாது. பிறந்த வீடு என்று மிச்சம் இருப்பது அக்கரையில், செபராங் ஜெயாவில் இருக்கும் அவர் மகன் ஒருவன்தான்.

இதையெல்லாம் நான் நினைக்காமல்தான் இருந்தேன். போன வருஷம் எங்கள் ஃபிளாட்டில் கீழ் மாடிக்காரி ஒருத்தி இறந்தாள். சவப்பெட்டியை மூடும் நேரம். யாரோ சத்தமாகவே கேட்டார்கள்: "பொறந்த வூட்டுக் கோடி எங்க? யாருமே இல்லையா இந்தம்மாவுக்கு?" கடைசியில் அடக்கம் செய்ய வந்த ஆள் வேனிலிருந்து ஒரு நைலக்ஸ் புடவையை எடுத்துப் போர்த்தினான். அதன் மேல் விலைச் சீட்டு ஒட்டியிருந்தது. நான் பார்த்தேன். அந்தக் கேள்வி என் தலைமாட்டில் கேட்கக்கூடாது. எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

லிட்டில் இந்தியாக் கடைத்தெருவில் கடை கடையாக ஏறினேன். ஜரிகை வேண்டாம், நெருப்புக்கு எதற்கு ஜரிகை? சந்தன நிறத்தில், அரக்குக் கரை வைத்த கைத்தறிப் பருத்திப் புடவை ஒன்று கிடைத்தது. கரையைத் தடவினால் விரலுக்கு நெசவு தெரிந்தது.

"ஃபால்ஸ் வச்சித் தரவா, ஆச்சி?" என்றான் கடைக்காரன்.

"ஊசியே படக்கூடாது தம்பி."

"சாமிக்குங்களா?"

"சாமிக்கிட்ட போறதுக்கு."

நானே வாங்கினாலும் அது பிறந்த வீட்டிலிருந்துதான் வர வேண்டும். அதனால் ஃபெர்ரி ஏறி, பஸ் மாறி, அண்ணன் மகன் வீட்டுக்குக் கொண்டுபோனேன். அவன் பெண்டாட்டி புக்கிட் தெங்கா ஃபேக்டரிக்கு வேலைக்குப் போயிருந்தாள். அவன் மட்டும் டிவி பார்த்துக்கொண்டிருந்தான். விஷயத்தைச் சொல்லிப் பையை நீட்டினேன்.

"என்னா அத்தே நீங்க, வந்ததும் வராததுமா? நல்லாத்தானே இருக்கீங்க."

"நல்லா இருக்கறப்பதான்டா ஃபெர்ரி ஏற முடியும். செத்த பெறவு நானா கொண்டாந்து தருவேன்?"

"ஐயோ, அபசகுனமாப் பேசாதீங்க லா." பையை இரண்டு விரலால் வாங்கினான், மீன் கழுவிய தண்ணீர் சொட்டுகிற பையைப் போல. "சரி அத்தே. மேல வைக்கிறேன். தேத்தண்ணி குடிக்கிறீங்களா?"

குடித்தேன். திரும்பி வரும்போது ஃபெர்ரியில் மனசு லேசாக இருந்தது. ரொம்ப நாளைக்குப் பிறகு அன்றைக்குத்தான் நன்றாகத் தூங்கினேன்.

தீபாவளி நெருங்கும்போது அவன் பெண்டாட்டி என் வீட்டுக்கு வந்தாள். முறுக்கு டின் ஒரு கையில், துணிப்பை ஒரு கையில். நல்ல பெண். வந்தால் வீடு கலகலவென்று இருக்கும்.

"அத்தே, எங்க கம்பெனி டின்னர். எல்லாரும் வேற இனத்து உடுப்புப் போட்டு வரணுமாம். சீனப் பொண்ணு சேலை கட்டுறா. மலாய்க்காரி ஒருத்தி சீனத்து சியோங்சாம் தைக்கக் குடுத்துட்டா, மூச்சு விட முடியாதுடின்னு சொன்னேன், கேக்கல. நான் கெபாயா. வெட்டியாச்சி. ஓரத்துல பூ மட்டும் நீங்க போட்டுத் தரணும்."

மேஜையில் துணியைப் பரப்பினாள். முதுகு, இரண்டு முன்பக்கம், இரண்டு கை. சந்தன நிறம். முன்பக்கத்து விளிம்பில் அரக்குக் கரை.

நான் மூக்குக்கண்ணாடியைத் தேடவில்லை. கரையைத் தொட்டேன், போதும்.

"இது ஏது?"

"ஒங்க அண்ணன் மவன் வேலதான். அலமாரி உச்சியில மறைச்சி வச்சிருந்தாரு. எனக்கு தீபாவளி சர்ப்ரைசான்னு கேட்டேன். ஆமா ஆமான்னுட்டு டிவி பக்கம் திரும்பிட்டாரு. வெக்கத்தப் பாருங்க அத்தே!" என்று சிரித்தாள்.

உண்மை வாய் வரைக்கும் வந்தது. சொல்லியிருந்தால் அந்தப் பெண் துணியைக் கீழே போட்டு அலறியிருப்பாள். புருஷன் பெண்டாட்டிக்குள் சண்டை வந்திருக்கும். வெட்டிய துணி ஒட்டப்போவதில்லை. இன்னொரு புடவை வாங்க எனக்கு வக்கில்லாமல் இல்லை. யாரிடம் கொண்டுபோய்க் கொடுப்பது? பெண்டாட்டி கேட்டதும் ஆமா என்று சொல்லிவிட்டானே அவன். அத்தையுடையது என்று சொல்ல ஒரு வாய் வரவில்லை. என் சாவை அவன் நினைக்க விரும்பவில்லை. நினைக்காதவன் எப்படி ஃபெர்ரி ஏறி வருவான்?

"என்னா அத்தே, துணி சரியில்லையா?"

"நல்ல துணி" என்றேன். "வச்சிட்டுப் போ."

பூத்தையல் வளையத்தில் துணியை இறுக்கினேன். கெட்டி நெசவு, ஊசி இறங்கும்போது சத்தம் கேட்டது. வரம்பு தைத்து, கத்தரி எடுத்து, பூவுக்குள் இருந்ததை வெட்டி வெட்டி எடுத்தேன். என் வேலையில் இதுவரைக்கும் யாரும் குறை சொன்னதில்லை. இதிலும் சொல்ல முடியாது.

வாங்கிக்கொண்டு போக வந்தவள் போட்டுப் பார்த்தாள். கண்ணாடி முன்னால் நின்று சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். அழகாகத்தான் இருந்தாள்.

"கூலி?"

"போடி."

"அப்ப இதையாவது வச்சிக்குங்க அத்தே. வெட்டுனது போக மிச்சம், சும்மாதான் கெடக்கு. மெஷின் தொடைக்க ஆகும்."

ஒரு முழம் இருக்கும். கரை இல்லாத பக்கம். வாங்கி மெஷின் டிராயருக்குள் போட்டேன். பிறந்த வீட்டிலிருந்து எனக்கு வந்தது அவ்வளவுதான்.