மைனஸ் எட்டும் பவளப்பாறையும்

தாபோடி வீட்டுப் பால்கனியில் தண்ணீர் பிடித்துவைக்கிற டிரம்முக்குள் அப்பா ஒரு மாதம் தலையை விட்டுக்கொண்டிருந்தார். வாயில் முங்கும்போது மூச்சுவிடுகிற ஸ்நார்க்கல் குழாய், மூக்கில் துணிக் கிளிப். ஒருநாள் பக்கத்து வீட்டு மராட்டிக்காரம்மா, நாங்கள் காக்கூ என்று கூப்பிடுகிறவள், "அரே தேவா!" என்று அலறி, காலரைப் பிடித்து அவரை வெளியே இழுத்துவிட்டாள்.

"குடிக்கிற தண்ணில மூஞ்சிய விடுறீங்களே, வெக்கமா இல்ல?" என்று அம்மா கத்தினாள்.

அப்பா மசியவில்லை. அரசு செலவில் குடும்பத்தோடு ஊர் பார்க்கிற எல்.டி.சி., ரிட்டயர் ஆவதற்கு முன் அதுதான் கடைசி. அந்தமானில் கடலுக்குள் முங்கிப் பவளப்பாறையைக் கண்ணால் பார்த்தே தீருவேன் என்று ஃபாக்டரி முழுக்கச் சொல்லி வைத்திருந்தார்.

தீவில் இறங்கியதும் படகுக்காரர் ஆளுக்கொரு கண்ணாடி மாஸ்க் கொடுத்தார். அப்போதுதான் உறைத்தது. அப்பாவின் மூக்குக்கண்ணாடி மைனஸ் எட்டு. மாஸ்க்கோ அதற்குமேல் பொருந்தாது. டிரம்மில் மூக்குக்கண்ணாடியோடே பயிற்சி எடுத்த மகானுக்கு ஒரு மாதத்தில் இது தோன்றவேயில்லை! கழற்றிவிட்டு இறங்கினார். எழுந்து, "எல்லாம் கலங்கலா ஒரே நீலம்" என்றார். எனக்குச் சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது.

"நீ பாத்து சொல்லு" என்றார் என்னிடம். நான் முங்கிப் பார்த்து, "மீன் இருக்குப்பா. கலர்ஃபுல். நல்லாருக்கு" என்றேன்.

"இதுக்கா உன்ன காலேஜுக்கு அனுப்புறேன்?"

பைகளுக்குக் காவலாக வந்திருந்த அம்மா, தண்ணீர் என்றாலே நடுங்குகிறவள், புடவையை இழுத்துச் செருகி, மாஸ்க்கும் குழாயும் மாட்டிக்கொண்டு இறங்கினாள். இடுப்பளவு ஆழம்தான். அப்பா அவள் கையைப் பிடித்துக்கொண்டார். அவள் முங்கி எழுந்தாள்.

"ஏங்க, மாம்பழ மஞ்சள்ல ஒண்ணு, கறுப்பு பார்டர். மூஞ்சிய உம்முனு வெச்சிருக்கு, உங்கக்கா மாதிரியே!"

"அப்புறம்?"

"பாறை பூரா காலிஃபிளவர். வாடாமல்லி கலரு."

அப்பா கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். நாலைந்து முறை இப்படி நடந்தது. பிறகு அவள் எழவேயில்லை. குழாயில் புஸ்புஸ்ஸென்று மூச்சு மட்டும் வந்தது. பயந்துபோய்த் தோளைத் தட்டினோம்.

"சும்மா இருங்களேன்! பாத்துட்டிருக்கேன்ல!" என்று சீறிவிட்டு மறுபடி முகத்தை உள்ளே விட்டாள்.

படகுக்காரர் விசில் அடித்தார், நேரமாகிவிட்டதாம். ஒன்றும் தெரியாத தண்ணீரில் அம்மாவின் கையை விடாமல் நின்ற அப்பா அவரைப் பார்த்துக் கத்தினார்:

"பைய்யா, தோடா ருக்கோ! கொஞ்சம் நில்லுங்க! அவ இன்னும் பாத்து முடிக்கல."