எப்படி டீச்சர்

"எண்பத்தஞ்சு" என்று சரியான விடையைச் சொல்லிவிட்டு உட்காரப்போன பையனை டீச்சர் உட்கார விடவில்லை.

"எப்படி?"

"நாப்பத்தெட்டை அம்பதாக்கிட்டேன் டீச்சர். அதுக்கு வேண்டிய ரெண்டை முப்பத்தேழுகிட்ட இருந்து பிடுங்கிட்டேன்."

"பிடுங்கினப்புறம் அதுகிட்ட எவ்வளவு மிச்சம்?"

"முப்பத்தஞ்சு."

"பாவம் அது. சரி, உக்காரு. வேற வழியில வந்தவங்க யாரு?"

ஆறு கைகள் உயர்ந்தன. ஆறு பேரையும் எழுப்பிக் கேட்டார். நாற்பத்தெட்டும் முப்பத்தேழும் சேர்ந்தால் எண்பத்தைந்து என்று முடிவாவதற்குப் பதினோரு நிமிடம் பிடித்தது. இவரைப் பற்றி ஒரு பத்திரிகைக்கு எழுத வந்து, கடைசி பெஞ்சில் உட்கார்ந்து கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவன் என்பதால் சொல்கிறேன். பக்கத்து வகுப்பில் அதற்குள் ஒரு பயிற்சியையே முடித்து, அடுத்ததை எழுதிப்போடும் சத்தம் கேட்டது.

ஐந்தாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கும் இவருக்குப் பிள்ளைகள் வைத்திருக்கும் பெயர் "எப்படி டீச்சர்". சரியாகச் சொன்னாலும் எப்படி, தப்பாகச் சொன்னாலும் எப்படி. முப்பத்தாறு வயது. ஆள் ஒல்லி, குரல் மட்டும் இரண்டு ஆளுக்கு உண்டு. கழுத்தில் அடையாள அட்டையோடு சேர்த்து ஒரு ரப்பரும் நூலில் தொங்கும். பிள்ளைகள் ரப்பருக்காக ஒருவரை ஒருவர் கிள்ளிக்கொள்வதைப் பார்த்துச் செய்த ஏற்பாடாம் அது. யாருக்காவது அழிக்க வேண்டுமென்றால் இவரே குனிந்து அழித்துக் கொடுப்பார்.

மாலையில் ஸ்கூட்டரில் அழைத்துப்போக வரும் கணவரிடம் பள்ளி வாசலில் பேச்சுக் கொடுத்தேன். ஃபிரிட்ஜ் பழுது பார்ப்பவர். "உப்பு வாங்கப் போய் சர்க்கரை வாங்கிட்டு வந்துட்டேன்னு வைங்க. மத்த வீட்டுல திட்டுவாங்க. இவ, எந்த அலமாரியில எடுத்தீங்க, அங்க எந்தப் பக்கமாப் போனீங்கன்னு கேப்பா. திட்டே தேவலாம் சார்" என்றார். சொல்லும்போது மனிதர் முகத்தில் பெருமைதான் வழிந்தது.

வகுப்பில் முப்பத்தொரு பிள்ளைகள். வீட்டில் பேசும் மொழிகளை எண்ணினால் மட்டும் ஏழு வரும். இடது காது மட்டும் கேட்கும் பையன் வலது ஓரத்தில் உட்கார்ந்திருக்கிறான். இன்னொருத்திக்கு நடந்தால்தான் கணக்கு வரும். ஜன்னலோரம் நான்கு தரைக்கல் தூரம் அவளுக்கென்றே ஒதுக்கப்பட்டிருக்கிறது, அதைத் தாண்டக்கூடாது. கண்ணை மூடிக்கொண்டு யோசிப்பவன் ஒருவன் இருக்கிறான். அவன் யோசிக்கிறானா தூங்குகிறானா என்பது டீச்சருக்கு மட்டுமே தெரியும். முதல் நாள் நான் ஏமாந்துபோனேன்.

இவரிடம் சிவப்புப் பேனா கிடையாது. தப்பான விடைக்குப் பெருக்கல் குறி போடுவதும் இல்லை. "இங்க எப்படி வந்து சேர்ந்தே? என்னையும் கூட்டிட்டுப் போ" என்பார். பிள்ளை வழிகாட்டும், இவர் பின்னாலேயே போவார். பாதி வழியிலேயே, "அட, இது பழசு. நாப்பத்தோராம் பக்கம். போய்ப் பாரு" என்று விட்டுவிடுவதும் உண்டு.

அந்தப் பக்கம் இருப்பது மேசை மேல் கிடக்கும் தடித்த நீல நோட்டில். பிள்ளைகள் அதைத் தப்பு நோட்டு என்கிறார்கள். இதுவரை யாரும் செய்யாத புதுத் தப்பு ஒன்று அகப்பட்டால் டீச்சர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! செய்தவர் கரும்பலகைக்கு முன்னால் போய் நிற்க வேண்டும். வகுப்பு மொத்தமும் ஒரே குரலில் "எப்படி?" என்று கேட்கும். தான் வந்த வழியை விளக்கிவிட்டு நோட்டில் தன் பக்கத்தில் முழுப் பெயரையும் எழுதிக் கையெழுத்துப் போடலாம். இதற்கு அவ்வளவு போட்டி. இன்னொரு பக்கம் கிடைக்குமென்ற ஆசையில் ஒருவன் வேண்டுமென்றே ஒரு தப்பை ஜோடித்துக்கொண்டு வந்து கையும் களவுமாக மாட்டிக்கொண்டான். "வேணும்னே பண்ணினதுக்கு வழி இருக்காதுடா" என்று சிரித்துக்கொண்டே அனுப்பிவிட்டார்.

நோட்டில் பக்கமே இல்லாத பிள்ளை வகுப்பில் ஒருத்திதான். அவளைப் "புதுசு" என்கிறார்கள். அவள் வந்து ஒன்பது மாதம் ஆகிறது. அவளுக்குப் பிறகும் இரண்டு பேர் சேர்ந்துவிட்டார்கள். இருந்தாலும் பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டது. வேறு தேசத்தில், வேறு மொழியில் நான்கு வகுப்பு படித்தவள். அம்மா ஒரு சலவைக் கூடத்தில் துணி மடிக்கிறார். பெண்ணுக்கு நம் மொழி இப்போது புரிகிறது, ஆனால் வாய் திறக்கக் கூசுகிறாள். வயதுக்கு மீறிய உயரம்.

அந்த உயரம்தான் அந்த வாரம் பிரச்சினையாக வந்து நின்றது. பள்ளியில் ஒரு தகுதித் தேர்வு வைத்திருந்தார்கள். இருபதுக்குப் பத்து எடுக்காதவர்கள் கணக்கு வகுப்புக்கு மட்டும் மூன்றாம் வகுப்பில் போய் உட்கார வேண்டும். பட்டியல் வெள்ளிக்கிழமை மதியம் முடிவாகும். புதுசு வாங்கியது ஒன்பது. மூன்றாம் வகுப்பு மேசைக்கு அடியில் அவள் முழங்கால் நுழையாது.

"ஒன்பதுன்னா ஒன்பதுதான் டீச்சர். ஒருத்திக்காகக் கோட்டைத் தள்ளிப் போட்டா நாளைக்கு இன்னொருத்தர் வந்து நிப்பாங்க" என்றார் தலைமையாசிரியை. கெட்டவர் இல்லை. அவர் நியாயம் அவருக்கு.

வியாழக்கிழமை பள்ளி விட்ட பிறகு டீச்சர் அந்த விடைத்தாளைப் பரப்பி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஓரத்தில் அவர் கையெழுத்திலேயே "கவனக்குறைவு" என்று எழுதியிருந்தது. கணக்குக்கும் எனக்கும் ஏழாம் பொருத்தம். ஆனாலும் சும்மா இருக்க முடியாமல் கைப்பேசியில் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தேன். ஐம்பத்திரண்டிலிருந்து இருபத்தேழைக் கழித்தால் இருபத்தைந்து. அவள் எழுதியிருந்தது பதினைந்து. எண்பத்தொன்றிலிருந்து நாற்பத்தாறு போனால் முப்பத்தைந்து; அவளுக்கு இருபத்தைந்து. அறுபத்துமூன்றிலிருந்து இருபத்தெட்டு, அங்கேயும் முப்பத்தைந்துக்குப் பதில் இருபத்தைந்து.

"என்ன டீச்சர், எல்லாத்துலயும் சரியா பத்து குறையுது?" என்றேன்.

அவர் தாளைப் பிடுங்கிக்கொண்டார். பக்கத்து இலக்கத்திடம் வாங்காமல் நேராகக் கழிக்கிற கணக்குகள் எல்லாம் சரி. வாங்க வேண்டிய இடம் வந்தால் மட்டும் பத்து காணாமல் போயிருந்தது. "கவனம் இல்லாதவ இவ்வளவு ஒழுங்கா தப்பு பண்ண மாட்டா சார்" என்று சொல்லிக்கொண்டே எழுந்துவிட்டார்.

புதுசு வராந்தாவில் அம்மாவுக்காகக் காத்திருந்தாள். டீச்சர் அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து ஐம்பத்திரண்டையும் இருபத்தேழையும் எழுதிக் கொடுத்தார். "எப்படிப் போடுறே, காட்டு."

அவள் போட்டாள். இரண்டில் ஏழு போகாது. பக்கத்திலிருக்கும் ஐந்திடம் ஒன்றை வாங்கினாள், ஐந்தை அடித்து நான்கு என்று எழுதினாள். பன்னிரண்டில் ஏழு போக ஐந்து. இதுவரை நாம் எல்லோரும் படித்தபடிதான். அடுத்து, கீழே இருந்த இரண்டுக்குப் பக்கத்தில் அவள் பென்சில் முனை காற்றில் ஒரு தட்டுத் தட்டியது. தாளில் படவில்லை. பிறகு ஒன்று என்று எழுதினாள். பதினைந்து.

"அது என்ன, இங்க தட்டினது?"

கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய்விட்டாள்.

"சொல்லும்மா, பரவாயில்ல."

"டீச்சர் வேண்டாம்னு சொன்னீங்க" என்றாள்.

டீச்சருக்கு முதலில் புரியவில்லை. பிறகு விடுவிடுவென்று வகுப்புக்குள் போய் அலமாரியைக் குடைந்து, புதுசு வந்த முதல் வாரத்து நோட்டை எடுத்து வந்தார். ஒவ்வொரு கழித்தலிலும் கீழ் எண்ணுக்குப் பக்கத்தில் ரப்பர் தேய்த்த கறை. வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் கறைக்குள் எறும்பு அளவுக்கு ஒரு கோடு தெரிந்தது.

அவள் படித்த ஊரில் மேல் எண்ணைக் குறைக்க மாட்டார்களாம். இரண்டைப் பன்னிரண்டாக்கினாலும் ஐந்து ஐந்தாகவே நிற்கும். அதற்குப் பதிலாகக் கீழே இருக்கும் இரண்டை மூன்றாக்குவார்கள். அதற்கு அடையாளம் அந்தக் கோடு. ஐந்தில் மூன்று போனாலும் இரண்டுதான், நம் வழியில் நான்கில் இரண்டு போனாலும் இரண்டுதான். இரண்டுமே சரியான வழி. டீச்சர் நம் வழியைச் சொல்லிக் கொடுத்திருக்கிறார். அந்தக் கோடுகளைக் கிறுக்கல் என்று நினைத்து, "நோட்டு சுத்தமா இருக்கணும்" என்று குனிந்து அழித்தும் கொடுத்திருக்கிறார். பிள்ளை சொன்ன பேச்சைக் கேட்டது. கோடு போடுவதை நிறுத்தியது. மனசுக்குள் நிறுத்த முடியவில்லை. மேலேயும் ஒன்று குறைத்தாள், கீழேயும் ஒன்று கூட்டினாள்.

"உன் ஊர்ல போடுற மாதிரி போடு. கோடெல்லாம் போட்டு" என்று பன்னிரண்டு கணக்கு கொடுத்தார். பன்னிரண்டும் சரி.

அம்மா வந்து அவளை அழைத்துப் போன பிறகும் டீச்சர் தரையிலேயே உட்கார்ந்திருந்தார். வாசலில் ஸ்கூட்டர் இரண்டு தடவை ஒலித்தது.

"எல்லாரையும் எப்படி எப்படின்னு பிச்சு எடுக்கிறேன் சார். இவளுக்கு மொழி வரலையே, பாவம், கஷ்டப்படுத்த வேண்டாம்னு இவகிட்ட மட்டும் ஒரு நாள்கூட கேக்கல." கழுத்து ரப்பரை விரலால் திருகிக்கொண்டே சொன்னார். கண் கலங்கியிருந்தது. ஆறுதல் சொன்னால் அதற்கும் எப்படி என்று கேட்பாரோ என்று எனக்குப் பயமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை காலை தலைமையாசிரியை தன் கையாலேயே ஐந்து கணக்குகளை எழுதிக் கொடுத்தார். புதுசு நின்றுகொண்டே போட்டாள். ஐந்து எறும்புக் கோடுகள், ஐந்து சரியான விடைகள். தலைமையாசிரியை ஒருமுறைக்கு இருமுறை சரிபார்த்தார். "அப்போ இத்தனை நாள் இவளைக் குழப்பினது யாரு?"

"நான்தான் மேடம்."

தலைமையாசிரியை அடிக்கோலை எடுத்து வைத்து, பட்டியலிலிருந்து அந்தப் பெயரை நேர்க்கோடாக அடித்தார்.

அன்றைய முதல் பாடவேளையில் தப்பு நோட்டில் புதுப் பக்கம் திறந்தது. விஷயம் அதற்குள் வகுப்பு முழுக்கப் பரவிவிட்டது. புதுசு பேனாவோடு தயாராக எழுந்து வந்தாள். ஒன்பது மாதமாக ஏங்கிய பக்கம் அல்லவா? டீச்சர் நோட்டை அவள் பக்கம் தள்ளவில்லை.

"இது உன்னோடது இல்லம்மா. இது என்னோடது."

முகம் வாடிப்போய் நின்றாள். டீச்சர் பிள்ளைகளைப் போலவே முழுப் பெயரையும் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, கரும்பலகைக்கு முன்னால் போய்த் திரும்பி நின்றார். கழுத்தில் அடையாள அட்டை மட்டும்தான் தொங்கியது.

டீச்சரைப் பார்த்துக் கேட்டு அவர்களுக்குப் பழக்கமில்லை. கண்ணை மூடி யோசிப்பவன்கூடக் கண்ணைத் திறந்துவிட்டான். டீச்சர் அவசரப்படாமல் நின்றார். மேசையோரம் நின்றிருந்த உயரமான பெண்தான் கடைசியில் கேட்டாள், தொண்டையைச் செருமிக்கொண்டு, வகுப்பு முழுக்கக் கேட்கும்படி.

"எப்படி?"

டீச்சர் சாக்கட்டியால் ஐம்பத்திரண்டை எழுதி, அதன் கீழே இருபத்தேழை எழுதினார். கீழே இருந்த இரண்டுக்குப் பக்கத்தில் எறும்பு அளவுக்கு ஒரு கோடு போட்டார். அதைத் தன் விரலால் தேய்த்து அழித்தார். பிறகு, வெள்ளையாகிப்போன அந்த விரலைத் தூக்கி, வலது ஓரத்திலிருந்து இடது ஓரம் வரைக்கும் எல்லோருக்கும் காட்டினார்.