பின்னட்டைக்கு மூன்றாவது ஆள்

நாவல் அச்சுக்குப் போகும் முன் மூன்று பேரிடம் படிக்கக் கொடுக்கச் சொன்னார் பதிப்பாளர். அவர்கள் சொல்வதில் நாலு நல்ல வரிகளைப் பின்னட்டையில் போடுவாராம். நம்பகமான ஆட்களாக இருக்கட்டும் என்றார். பாராட்டுவார்கள் என்று நம்பக்கூடிய ஆட்கள் என நான் புரிந்துகொண்டேன். எழுதுகிறவன் புத்தி வேறு எப்படிப் போகும்?

சென்னையில் எனக்கு அப்படி இரண்டு பேர் உண்டு. இருவரும் ஒரே பக்கத்தைத் தூக்கி வைத்துக் கொண்டாடினார்கள். கும்மிடிப்பூண்டி ரோலிங் மில்லில், உருளையிலிருந்து தெறித்த பழுக்கக் காய்ச்சிய கம்பி பாய்ந்து விழுந்தவன், மனைவியின் பெயரைச் சொல்லிக்கொண்டே கண்மூடும் பக்கம். படித்துவிட்டு அழுததாக ஒருவர் வாய்ஸ் மெசேஜ் அனுப்பியிருந்தார். நான் அதைப் பாதியிலேயே நிறுத்திவிட்டேன். விழுந்தவன் நிஜத்தில் அந்த மில்லில் என்னோடு வேலை பார்த்த கூட்டாளி. அந்தப் பக்கத்தை எழுதியதிலிருந்து அவன் என்னை விடவே இல்லை. குளிக்கும்போது, பஸ்ஸில் கண் அசரும்போது, முதுகுக்குப் பின்னால் வந்து நிற்பான். திட்டினால்கூடத் தேவலை. சும்மா நிற்பான்.

கடைசியில் மூன்றாவது பிரதியை எளாவூரில் இருக்கும் அவன் மனைவியிடமே கொடுத்தேன். ஒரு வாரம் கழித்துப் போனபோது டீ போட்டுக் கொடுத்தாள். கேன்டீன் சண்டை வருகிற இடத்தில் சிரித்துவிட்டதாகச் சொன்னாள். பிறகு அந்தப் பக்கத்தை உருவி என் முன்னால் வைத்தாள்.

"இது அவுரு இல்லண்ணா. என்ன பேரு சொல்லிக் கூப்ட்டதே கெடையாது. இன்னாமேன்னுதான் கூப்டுவாரு. சாவுற நேரத்துல மட்டும் பேரு எங்கேர்ந்து வரும்?"

நான் அந்தத் தாளைக் கவிழ்த்து வைத்தேன்.

"நீங்க பக்கத்துலதான இருந்தீங்க. நெசமா இன்னா சொன்னாரு?"

இத்தனை வருடத்தில் யாரும் என்னிடம் கேட்காத கேள்வி. மழுப்பப் பார்த்தேன், அவள் விடுவதாக இல்லை. சொல்லிவிட்டேன். மிஷினை நிறுத்துங்கடா, அடுத்த கம்பி வந்துரப்போவுது என்றுதான் திரும்பத் திரும்பச் சொன்னான். பின்னால் நின்ற எங்களுக்காகத்தான் பயந்தான்.

"அதான் அவுரு" என்றாள். முகம் இளகியது. பிறகு கேட்டாள்:

"நிறுத்துனாங்களா?"

அவனைத் தூக்கி வேனில் ஏற்றும்போதும் உள்ளே கம்பி ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஷிஃப்ட் முடியும்வரை ஓடியது.

"இல்லம்மா."

அவள் எழுந்தாள். அந்தத் தாளைக் கிழித்து அடுப்பில் போட்டுவிட்டு வந்தாள்.

"மிஷின நிறுத்தல இல்ல, அத்த எழுதுங்கண்ணா. என் பேரு வேணாம்."