ஒரு கைக் கொண்டை

கறம்பக்குடி பஸ் ஸ்டாண்டில் செவந்தியின் இட்லிக் கடையைத் தெரியாது என்கிறவர் வெளியூர்க்காரராகத்தான் இருக்க வேண்டும். மினி பஸ் கவிழ்ந்து, அவளுடைய வலது கை மணிக்கட்டுக்குக் கீழே செத்துப்போனபோது, "இனிமே கடை அவ்வளவுதான்" என்று ஊரே உச்சுக் கொட்டியது. செவந்தி அசரவில்லை. மாவோடும் கரண்டியோடும் மல்லுக்கட்டி, இடது கையைப் பழக்கிவிட்டாள். புருஷன் அய்யப்பனுக்கு அதில் தலைகால் புரியாத பெருமை. "ஒத்தக் கையிலயே எப்புடி ஊத்துறா பாருங்க!" என்று சாப்பிட வருகிறவர்களிடமெல்லாம் பீற்றிக்கொள்வான்.

அந்தப் பெருமையை மூட்டை கட்டி வைக்கச் சொன்னார் வக்கீல் குமாஸ்தா ரெங்கராஜ். புதுக்கோட்டையில், நஷ்டஈட்டுக் கேஸ் நடந்த கோர்ட்டு வாசலில் வைத்துத்தான்.

"ஒரு வேலையும் ஓடலைன்னு சொல்லுங்கம்மா."

"பொய்யில்லைங்களா அது?"

"என்ன செய்யச் சொல்றீங்க? இந்தக் காயத்துக்கு இவ்வளவுன்னு ஜட்ஜுங்களுக்கு அளவு வகுத்து சட்டம் வரப்போவுதுங்கிறாங்க. போன கூட்டத்தொடர்னாங்க, இப்ப அடுத்ததுங்கிறாங்க. அது வந்துட்டா கையப் பாத்து எழுதிருவாங்க. அதுவரைக்கும் ஒங்க மூஞ்சியப் பாத்துத்தான் எழுதணும்."

சட்டம் போடுகிற மகராசர்களுக்கு என்ன அவசரம்? அவர்கள் கை நன்றாகத்தானே இருக்கிறது. செவந்திக்கோ, ஆபரேஷன் செய்தால் விரலாவது அசையும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். நஷ்டஈடு வந்தால்தான் ஆபரேஷன். தலையாட்டிவிட்டுக் கூண்டில் ஏறினாள்.

"ஒண்ணும் முடியலைங்கய்யா. என் தலைய வாரிக்கக்கூட முடியல."

சொல்லிவிட்டுப் பார்த்தால், பின் பெஞ்சில் அய்யப்பன் தலையைக் குனிந்துகொண்டிருக்கிறான். அவளுக்குச் சுருக்கென்றது. சட்டென்று முகத்தைத் திருப்பியதில் கொண்டை அவிழ்ந்து தோளில் விழுந்தது. நினைப்பே இல்லாமல் இடது கை பின்னால் போனது. முடியை அள்ளி ஒரு சுழற்று, ஒரு செருகல். கொண்டை கச்சிதமாக உட்கார்ந்துவிட்டது.

இன்சூரன்ஸ் வக்கீல் எழுந்தார். "ரொம்ப நல்லா போட்டீங்கம்மா. இன்னொரு தடவை போட்டுக் காட்டுறீங்களா?"

கோர்ட்டே சிரித்தது. செவந்திக்கு உடம்பெல்லாம் கூசியது. பொய் சொன்னதில் வெட்கம். அதைவிட, பாடுபட்டுக் கற்ற வேலை திருட்டுச் சாமான் மாதிரி பிடிபட்டதில் பெரிய வெட்கம். நீதிபதி மட்டும் சிரிக்கவில்லை. மருத்துவக் குழு மறுபடி பரிசோதிக்கட்டும் என்று வாய்தா போட்டார்.

வெளியே வந்ததும் ரெங்கராஜ் பொரிந்து தள்ளினார். "கைல இருந்த கேஸக் கெடுத்துட்டீங்களே! இனிமேலாவது வெளியில அந்தக் கையத் தூக்காதீங்க. இன்சூரன்ஸ்காரங்க ஆளுங்க இங்கிட்டுத்தான் சுத்துவாங்க."

எதிரே இருந்த ஓட்டலில் மூவரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். செவந்தி சோற்றில் இடது கையை வைக்கப் போனாள். ரெங்கராஜ் தொண்டையைக் கனைத்தார். அவள் கையை மடியில் போட்டுக்கொண்டாள்.

அய்யப்பனுக்குப் புரிந்துவிட்டது. சோற்றைப் பிசைந்து, ஒரு வாய் உருட்டி, அவள் முகத்துக்கு நேரே நீட்டினான். பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"வாயத் தொற செவந்தி," என்றான், தரையைப் பார்த்துக்கொண்டு.

திறந்தாள். வெட்கம் தாங்காமல் கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. துடைத்துக்கொள்ளவும் கையைத் தூக்கவில்லை.

ரெங்கராஜ் மோர் தம்ளரைக் கீழே வைத்தார்.

"அடடா, இந்த அழுகையக் கூண்டுலயே அழுதிருக்கலாமேம்மா!"