சாணைக்குப் போன கத்தரிகள்

எண்பதுகளின் தொடக்கம். சங்கரன்கோவிலில் எங்கள் தெருப் பெண்கள் ஏழு பேர் ஒன்றாக உட்கார்ந்து பீடி சுற்றுவோம். இலை வெட்டும் கத்தரி மழுங்கிவிட்டால் விரல் கொப்புளித்துப் போகும். அதனால் மாதம் ஒருமுறை எல்லாருடைய கத்தரிகளையும் ஒரு மஞ்சப்பையில் போட்டுச் சாணை பிடிக்கக் கொடுத்துவிடுவோம். கொண்டுபோகிறவர் எங்களில் ஒருத்தியான முஸ்லிம் மதினியின் வீட்டுக்காரர். நான் அவரை அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன்.

அந்த மாதம், கோயில் கொடைத் திருவிழா ஊர்வலம் பள்ளிவாசல் தெரு வழியாகப் போகலாமா கூடாதா என்று ஊரே இரண்டுபட்டுக் கிடந்தது. "இன்னைக்குப் போக வேண்டாம் அண்ணே" என்று எங்களில் ஒருத்திக்காவது சொல்லத் தோன்றியதா? எங்களுக்கு எங்கள் விரல்தான் பெரிதாகப் போயிற்று. பையோடு சைக்கிளில் போன அண்ணனை எங்கள் தெருத் தறிக்கூடத்து முதலாளி இரும்புக் கம்பியால் அடித்துக் கொன்றுவிட்டார். "குத்த வந்தான், உயிர் தப்ப அடிச்சேன்" என்று போலீசில் சொன்னார். மறுநாள் பேப்பரில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தான்: 'ஆயுதங்களுடன் வந்தவர் பலி'. செத்தவருக்குப் பெயர்கூட இல்லை. அடித்தவர் எவ்வளவு நல்லவர் என்று பாதிப் பத்தி.

மதினி இத்தாவில் இருந்தாள். புருஷன் செத்தால் நாலு மாதம் பத்து நாள் வீட்டைவிட்டு வெளியே வரமாட்டார்கள். அவளுக்கு எழுத்துக் கூட்டத் தெரியாது. என்னைக் கூப்பிட்டு வாசிக்கச் சொன்னாள்.

"ஆயுதமா? ஏட்டி, நம்ம கத்தரியையா அப்படிச் சொல்லுதான்?" என்றாள். "நான் வெளிய வர முடியாது. நீ ஸ்டேஷன்ல போய்ச் சொல்லு. சாணைக்குக் குடுத்தோம்னு சொன்னாப் போதும்."

மற்ற ஐந்து பேரையும் கூப்பிட்டேன். ஒருத்திக்குத் தலைவலி, ஒருத்திக்கு மாமியார் விடமாட்டாள். "நமக்கு எதுக்குட்டி ஊர்வம்பு?" என்றாள் இன்னொருத்தி. நல்ல கூட்டாளிகள்! ஸ்டேஷனுக்குப் போக எனக்கும் பயம்தான். ஆனாலும் போனேன். மேசைமேல் கிடந்த ஏழில் என்னுடையதைத் தொட்டு, "இது என் கத்தரி சார், சாணை பிடிக்கக் கொடுத்துவிட்டேன்" என்றேன். எழுதிக்கொண்டார்கள்.

மறுநாள் பேப்பரில், 'ஆயுதம் கொடுத்தனுப்பிய பெண் ஒப்புதல்' என்று வந்தது. தெருப் பெயரையும் போட்டிருந்தான், பாவி. சாணை என்ற சொல்லே அதில் இல்லை. குழாயடியில் நான் குடத்தை வைத்ததும் எல்லாரும் தள்ளி நின்றார்கள். மத்தியானம் தறிக்கூடத்து ஆட்கள் இரண்டு பேர் வாசலில் வந்து நின்றார்கள்.

"பிள்ள தனியாத்தான் பள்ளிக்கூடம் போகுதோ?" என்று ஒருவன் கேட்டான். வேறொன்றும் சொல்லாமல் போய்விட்டார்கள்.

அன்றிலிருந்து மகளைப் பள்ளிக்கூடத்துக்கு நானே கொண்டுபோய் விட்டேன். மணி அடிப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பே போய்க் காத்து நிற்பேன். பின்னால் சைக்கிள் சத்தம் கேட்டால் அவளை இழுத்து அணைத்துக்கொள்வேன். பிள்ளை வலிக்கிறது என்று அழும்.

ஒரு வருஷம் கழித்துக் கேஸ் கோர்ட்டுக்கு வந்தது. கூண்டில் ஏறினேன். எதிரே அந்த முதலாளி, நெற்றி நிறைய விபூதியோடு நின்றார். அரசு வக்கீல் கத்தரியை நீட்டி, "இது உங்களுடையதுதானே?" என்று கேட்டார். என் கட்டைவிரல் பட்டுப்பட்டுத் தேய்ந்த கத்தரி.

"இல்லை" என்றேன். "போலீஸ்தான் அப்படிச் சொல்லச் சொன்னார்கள்" என்றும் சேர்த்துக்கொண்டேன். அதை யாரும் என்னிடம் கேட்கவே இல்லை.

வெளியே வராந்தாவில், அடுத்துச் சாட்சி சொல்ல வேண்டிய மதினி கதவோரம் எல்லாம் கேட்டபடி நின்றாள். நான் தலையைக் குனிந்துகொண்டு நழுவப் பார்த்தேன். அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"பயந்துட்டியாட்டி?"

"ஆமா மதினி. பிள்ளைய நெனச்சேன்."

"எனக்கும் பயமாத்தான் இருக்கு" என்றாள். "நீ கத்தரிய உன்னுதில்லன்னுட்ட. எங்க வீட்டுக்காரர அப்படி என் ஆளில்லன்னு சொல்லிட்டு நான் வீட்டுக்குப் போக முடியுமாட்டி?"