மூன்றாம் மாடிக் கைப்பிடி

அந்த நாலு மாடி ஆபீஸில் எது கெட்டாலும் ரிப்பேர். அதைச் சரிசெய்தாலும் ரிப்பேர்தான். நோட்டில் ஒரு பக்கம் 'குழாய் ரிப்பேர்' என்று புகார் எழுதுவார்கள். எதிர்ப்பக்கம் 'ரிப்பேர் முடிந்தது' என்று கையெழுத்துப் போடவேண்டியவன் ஸ்பானர். பெற்றவர்கள் வைத்த பெயர் யாருக்கு ஞாபகம்!

மேனேஜருக்கு ஒரு வியாதி. மாலை அவர் கிளம்பும்போது நோட்டில் ஒரு வரிகூட மிச்சம் இருக்கக்கூடாது. "முதல்ல எழுதிடுப்பா, வேலைய நாளைக்குப் பாத்துக்கலாம்" என்பார். ஸ்பானரும் எழுதிவிடுவான், மறுநாள் செய்துவிடுவான். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாதுதான். ஆனால் மேனேஜரின் வயிறு அதிலேயே நிறைந்தது.

செவ்வாய்க்கிழமை, மூன்றாம் மாடிப் படிக்கட்டில் கைப்பிடி ஆடுவதாகப் புகார். சுவரில் துளை அகன்றுபோய்த் திருகு நிற்கவில்லை. வழக்கம்போல் எழுதிவிட்டான். புதன்கிழமை மோட்டார் ஓடவில்லை, வியாழக்கிழமை மேனேஜர் அறையில் ஏசி. கைப்பிடி அப்படியே ஆடிக்கொண்டிருந்தது.

வெள்ளிக்கிழமை தண்ணீர் வாளியோடு இறங்கியவள் அதைப் பிடித்தாள். சுவரை விட்டுக் கையோடு வந்துவிட்டது. விழுந்தவள் வேறு யாருமில்லை, அவன் அக்கா. அங்கே பத்து வருஷமாகக் கூட்டித் துடைப்பவள். காலில் விழாத குறையாகக் கெஞ்சித் தம்பிக்கு இந்த வேலையை வாங்கிக் கொடுத்தவள். இடுப்பெலும்பு உடைந்துவிட்டது.

மேனேஜர் நோட்டோடு ஆஸ்பத்திரிக்கே வந்தார். கட்டடத்தின் தப்பு என்றால் வைத்தியம் கம்பெனி பொறுப்பு. இல்லையென்றால் அவள் பாடு, வேலையும் போச்சு.

"சரிபண்ணின கைப்பிடி தானா பேந்து வருமா? இது உன் கையெழுத்துதானப்பா?"

உண்மையைச் சொன்னால் அவன் வேலை போய்விடும். வீட்டில் இரண்டு பிள்ளைகள். பாவி, தலையை மட்டும் ஆட்டினான்.

அக்கா அவன் முகத்தையே பார்த்தாள். பிறகு மேனேஜரிடம் திரும்பினாள்.

"என் தம்பி கையெழுத்துப் போட்டா சரியாத்தான் சார் இருந்திருக்கும். நான்தான் தடுக்கி விழும்போது இழுத்துப் பிச்சுட்டேன்."

"அக்கா..."

"நீ போடா. போய் வேலையப் பாரு."

போனான். துளையில் மரத்துண்டை அடித்து இறக்கி, திருகை முடுக்கினான். பதினைந்தே நிமிஷம்! உடம்பின் பாரம் முழுவதையும் போட்டு இழுத்துப் பார்த்தான், அசையவில்லை. பழக்கதோஷத்தில் கீழே போய், மேனேஜர் திரும்பக் கொண்டுவந்து வைத்திருந்த நோட்டை விரித்தான். எழுத ஒன்றுமில்லை, செவ்வாய்க்கிழமையே எழுதி முடித்திருந்தான்.